பாட்டியின் பாட்டி அழ முடியாமல் போன அழுகை

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் சூ பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் 1890இல் தன் மக்கள் மேல் நடந்த படுகொலையைப் பற்றிப் பேசும்போது, நேற்று தன் வீட்டில் விழுந்த சாவைப் போல உடைந்து அழுகிறாள். தானும் பார்க்காத, தன் பாட்டியும் பார்க்காத ஒன்றுக்காக ஒருத்தி இப்படித் துக்கப்பட முடியுமா? மரபணு வழியாக வருகிறதா, இல்லை சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்ட உணர்ச்சியா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தெற்கு டகோட்டா மாநிலத்தில், சூ மக்கள் வாழும் பைன் ரிட்ஜிலோ ரோஸ்பட்டிலோ பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பாட்டிக்கு 65, 70 வயது இருக்கும். அந்தப் பாட்டியின் பாட்டி 1890களில் பிறந்தவளாக இருப்பாள். அவளைப் பெற்றவள் அந்தப் படுகொலை நடந்த குளிர்காலத்தில் உயிரோடு இருந்தவள். ஆக, இன்றைய பெண் உட்கார்ந்து வளர்ந்த மடி, அந்த மடிக்காரி உட்கார்ந்து வளர்ந்த மடி, இந்த இரண்டைத் தாண்டினால் 1890 வந்துவிடுகிறது. வரலாற்றுப் புத்தகத்தில் அது தூரத்தில் இருக்கிறது. வீட்டில் அவ்வளவு தூரம் இல்லை.

சூ என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரல்ல. பக்கத்துப் பழங்குடியான ஓஜிப்வேக்கள் இவர்களைக் குறித்த சொல்லைப் பிரெஞ்சு வணிகர்கள் தங்கள் வாய்க்குத் தகுந்தபடி திரித்தார்கள். அதன் வால் மட்டும் மிஞ்சி 'சூ' ஆனது. அவர்கள் தங்களை லகோட்டா, டகோட்டா, நகோட்டா என்றும், மொத்தமாக 'ஏழு சபைத் தீக்கள்' என்று பொருள்படும் ஓச்செட்டி ஷகோவின் என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ என்ற ஓடையோரம் மினிகொஞ்சு லகோட்டாக்களின் கூட்டம் ஒன்றை அமெரிக்க ராணுவத்தின் 7ஆம் குதிரைப்படை சுற்றி வளைத்து ஆயுதங்களைப் பறித்துக்கொண்டிருந்தது. ஒரு துப்பாக்கி வெடித்தது. அதன்பின் நடந்ததில் 250 முதல் 300 பேர் செத்தார்கள். பெரும் பகுதி பெண்களும் குழந்தைகளும். பனிப்புயல் ஓய்ந்து பிணங்களை எடுக்க வந்தபோது உடல்கள் விறைத்திருந்தன. ஒரே பள்ளத்தில் போட்டு மூடினார்கள். அடக்கச் சடங்கு எதுவும் இல்லை. இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

இனி ஒரு சிறுமியைப் பார்ப்போம். ஜிட்காலா-ஷா, அதாவது சிவப்புப் பறவை. 1876இல் யாங்டன் ரிசர்வேஷனில் பிறந்தவர். (ரிசர்வேஷன் என்பது பழங்குடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிலப்பகுதி.) பின்னாளில் எழுத்தாளர், இசைக் கலைஞர், பழங்குடி உரிமைக்காக வாஷிங்டனில் போராடியவர். தன் சின்ன வயதைப் பற்றி 1900இல் அட்லாண்டிக் மாத இதழில் எழுதினார். அதில் ஓர் இடம். ஏழு வயதுப் பெண் அம்மாவோடு ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறாள். அம்மா அடிக்கடி காரணம் சொல்லாமல் அழுபவள். மகள் கேட்கக் கேட்க, வெள்ளைக்காரர்கள் தங்களை நிலத்தை விட்டு மேற்கே விரட்டியதையும், அந்தப் பயணத்தில் நோயோடு வந்த அக்காவும் மாமாவும் செத்துப்போனதையும் அம்மா சொல்கிறாள். சிறுமி காலைத் தரையில் உதைத்து, அம்மாவை அழ வைக்கும் அந்த வெளிறிய முகத்தை நான் வெறுக்கிறேன் என்கிறாள்.

இந்தக் காட்சியை நான் பலமுறை படித்திருக்கிறேன். சிறுமிக்கு அந்த மரணங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் முகம். கதை பிறகுதான் வருகிறது. அழுகை முன்னாலேயே வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் 'சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டது' என்ற சந்தேகம் எனக்குப் பொருந்தி வரவில்லை. பல வீடுகளில் சொல்லவே இல்லை. பள்ளியில் என்ன நடந்தது என்று வாய் திறக்காமலே செத்த பாட்டிகள் ஏராளம். பேரப்பிள்ளைக்குக் கிடைப்பது பாட்டியின் மௌனமும், காரணம் தெரியாத கோபமும்தான்.

பள்ளி என்றேன் அல்லவா, அதற்கு வருமுன் அந்தப் பெண்பிள்ளைகள் எதிலிருந்து பிடுங்கப்பட்டார்கள் என்று சொல்ல வேண்டும். லகோட்டா மொழியில் அம்மா 'இனா'; அம்மாவின் அக்கா தங்கைகளும் 'இனா'தான். பாட்டி 'உஞ்சி'. பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் 'தியோஷ்பாயே' என்ற உறவுக் கூட்டத்துக்குள் ஒரு குழந்தைக்கு அம்மாவே இல்லாமல் போவது அநேகமாக முடியாத காரியம். (ஓர் இடைச்செருகல்: 1871இல் மோர்கன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் உலகின் உறவுமுறைச் சொற்களைத் தொகுத்தபோது, செனகா பழங்குடியின் முறையும் தமிழ் முறையும் ஒத்துப்போவதைக் கண்டு அசந்துபோனார். அவருடைய அட்டவணைகளில் டகோட்டா உறவுச் சொற்களும் உண்டு. அவர் அதிலிருந்து எடுத்த முடிவு தவறு என்பது வேறு கதை.) குழந்தையின் தொப்புள்கொடியை ஆமை அல்லது பல்லி வடிவத்தில் மணி கோத்துத் தைத்த தோல்பைக்குள் வைப்பார்கள். மணி கோப்பது, தோல் பதப்படுத்துவது, யாரிடம் எப்படிப் பேசுவது, யார் முன்னால் பேசாமல் இருப்பது, எல்லாம் அம்மாவோடும் பாட்டியோடும் சேர்ந்து செய்து செய்தே படிவது. பெண் பூப்படைந்ததும் தனிக் கூடாரத்தில் இருத்தி, மூத்த பெண்கள் போதனை சொல்லி, 'இஸ்னதி' சடங்கு நடத்துவார்கள். ஒரு பெண்ணிடமிருந்து அடுத்த பெண்ணுக்குக் கைமாற்றும் வேலை இது. நடுவில் ஒரு தலைமுறை இல்லாமல் போனால் அறுந்துவிடும்.

அறுத்தார்கள். 1879இல் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளி தொடங்கியது. பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வளர்க்கும் உறைவிடப் பள்ளி. முதல் தொகுதிப் பிள்ளைகள் ரோஸ்பட்டிலிருந்தும் பைன் ரிட்ஜிலிருந்தும்தான் போனார்கள். அதை நிறுவிய ராணுவ அதிகாரி பிராட், 'இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று' என்ற கொள்கையை 1892இல் மேடையிலேயே அறிவித்தவர். (வெள்ளையர்கள் இந்தப் பழங்குடிகளைத்தான் 'இந்தியர்' என்றார்கள்.) ஜிட்காலா-ஷா போனது இண்டியானாவில் குவேக்கர்கள் நடத்திய பள்ளிக்கு, எட்டு வயதில். சிவப்பு ஆப்பிள் பழம் கிடைக்கும், ரயிலில் போகலாம் என்ற ஆசை. முதல் நாளே தலைமுடியை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டார். இழுத்து வந்து நாற்காலியில் கட்டிப் பின்னல்களை அறுத்தார்கள்.

முடியில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அவரே விளக்கியிருக்கிறார்: தங்கள் மக்களில் துக்கம் காப்பவர்கள்தான் முடியைக் குட்டையாக வைத்திருப்பார்கள், இன்னொரு விதமாகக் கத்தரித்த முடி கோழைகளுக்கு. அப்படியென்றால், கத்தரி பட்டவுடன் ஒரு டகோட்டாச் சிறுமிக்கு என்ன புரியும்? யாரோ செத்துவிட்டார்கள். யார் என்று சொல்லத்தான் ஆளில்லை.

மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்த மகளுக்கும் அம்மாவுக்கும் நடுவே பேச்சே ஓடவில்லை. அழும் மகளைத் தேற்ற அந்த அம்மாவுக்குக் கிடைத்தது மிஷனரிகள் கொடுத்த டகோட்டா மொழி பைபிள். மகளுக்கு அதைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. அன்றிரவு அம்மா குன்றின் பக்கம் போய், செத்துப்போன தன் அண்ணன் தம்பிகளின் ஆவிகளைக் கூப்பிட்டு ஓலமிடுகிறாள். மகளுக்காக. அதை மகள் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள்.

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் ஆகக் கொடுமையானது துக்கத்துக்கே போட்ட தடை. சாவு எல்லாச் சமூகத்துக்கும் உண்டு. அதைக் கடக்க ஒவ்வொரு சமூகமும் ஒரு வழி வைத்திருக்கிறது. லகோட்டாக்கள் வைத்திருந்த வழிகளில் ஒன்று ஆன்மாவைக் காத்து வைத்திருப்பது. குழந்தையை இழந்த பெற்றோர் அதன் முடிக்கற்றை ஒன்றை எடுத்துத் தோலில் சுற்றி, அதற்கென இடம் ஒதுக்கி, ஏறக்குறைய ஒரு வருடம் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். கடைசியில் விருந்து வைத்து, சேர்த்த பொருளையெல்லாம் ஊருக்குக் கொடுத்து, ஆன்மாவை அனுப்பிவிடுவார்கள். அத்தோடு துக்கம் முடியும். முடிய வேண்டும், அதுதான் ஏற்பாடு.

1883இல் அமெரிக்க உள்துறை கொண்டுவந்த விதிகள் சூரிய நடனம் என்ற சமயச் சடங்கையும் சாவு வீட்டில் பொருளைக் கொடுத்தழிப்பதையும் குற்றமாக்கின. ஆன்மா காப்பதும் 1890இல் தடைபட்டது. வைத்திருக்கும் ஆன்மாக்களை எல்லாம் குறித்த ஒரு நாளில் விடுவித்துவிட வேண்டும் என்று உத்தரவு. அதே 1890இன் டிசம்பரில்தான் வூண்டட் நீ. மாபெரும் சாவு விழுந்த நேரத்தில் சாவைக் கடக்கும் சடங்கு கையில் இல்லை. பழங்குடிகளின் சமய உரிமைக்கென்று தனிச் சட்டம் வந்தது 1978இல். இடையில் கிட்டத்தட்ட 90 ஆண்டுகள்.

படுகொலைக்கு நான்கு நாள் கழித்து, செத்துக் கிடந்த ஒரு தாயின் உடலுக்கு அடியில் ஒரு பெண்குழந்தை உயிரோடு கிடைத்தது. தலையில் மணி கோத்த குல்லா. அதில் இருந்தது அமெரிக்கக் கொடி. லியோனார்ட் கோல்பி என்ற ராணுவத் தளபதி அவளைத் தத்தெடுத்துக்கொண்டார். ஜின்ட்காலா நூனி, தொலைந்த பறவை என்று அவளுக்குப் பெயர். வளர்த்தது அவருடைய மனைவி கிளாரா, பெண்கள் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். வெள்ளையர் நடுவே அவள் இந்தியச்சி. தேடிக்கொண்டு ரிசர்வேஷனுக்குப் போனால் அங்கே மொழியும் தெரியாது, முறையும் தெரியாது. காட்சிக் குழுக்களில் 'இந்தியப் பெண்'ணாக நின்று பிழைத்தாள். 1920இல், 29 வயதில், கலிபோர்னியாவில் வறுமையில் செத்தாள். 1991இல் லகோட்டாக்கள் அவளுடைய எச்சங்களைத் தேடி எடுத்து வந்து, அவளுடைய அம்மா கிடக்கும் அதே வூண்டட் நீயில் புதைத்தார்கள். நூறு வருடம் கழித்து நடந்த அடக்கம்.

இதற்கெல்லாம் ஒரு பெயர் வைத்தவரும் லகோட்டாப் பெண்தான்: மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட். சமூகப் பணித் துறைப் பேராசிரியர். 1980களிலிருந்து அவர் வளர்த்த கருத்தைத் தமிழில் 'வரலாற்று மனக்காயம்', 'தீராத வரலாற்றுத் துயரம்' என்று சொல்லலாம். ஒரு கூட்டத்தின் மேல் விழுந்த பெருங்கொடுமை, அனுபவித்தவரோடு நிற்காமல், தலைமுறை தாண்டிக் குவிந்துகொண்டே போகிறது என்பது அவர் வாதம். நாஜி வதைமுகாம்களில் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைப் படித்தபோது தன் மக்களையே அதில் பார்த்தார். செத்தவர்களோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்வது, சந்தோஷமாக இருப்பதையே துரோகமாக உணர்வது, குடி, உணர்ச்சி மரத்துப்போதல். 1992இல் 'தாக்கினி' என்ற அமைப்பைத் தொடங்கினார். உயிர் பிழைத்தவர் என்று பொருள். அதே ஆண்டு பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியில் லகோட்டாக்களை உட்காரவைத்து, வரலாற்றை நேராகப் பார்ப்பது, புரிந்துகொள்வது, சடங்கின் வழியாக அழுது தீர்ப்பது, கடந்து போவது என்று ஒரு முறையை நடத்தினார். உறைவிடப் பள்ளியில் வளர்ந்தவர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாமல் போனதைத் தனியாகவே ஆராய்ந்தார். அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அணைத்து வளர்க்கப்படாதவள் எதைப் பார்த்து அணைக்கக் கற்றுக்கொள்வாள்? அவளுக்குத் தெரிந்த வளர்ப்பு மணி அடிப்பதும், வரிசையில் நிற்க வைப்பதும், பிரம்பும்தான்.

சரி, மரபணு? இணையத்தில் இதை அளவுக்கு மீறி ஊதிவிட்டார்கள். யூதப் பேரழிவில் தப்பியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோரின் மரபணு மேற்குறிகளில், அதாவது மரபணுவின் மேல் ஒட்டி அதன் வேலையைக் கூட்டிக் குறைக்கும் வேதிக் குறிகளில், மாற்றம் கண்டதாக ரேச்சல் யெஹுடா குழு வெளியிட்ட ஆய்வுதான் பெரும்பாலும் மேற்கோளாக வரும். அதில் இருந்தவர்கள் 32 பேரும், அவர்களின் பிள்ளைகள் 22 பேரும். அவ்வளவுதான். தாய் கருவுற்றிருக்கும்போது படும் பட்டினியும் அழுத்தமும் குழந்தையைப் பாதிக்கும் என்பதற்கு, 1944-45இன் நெதர்லாந்துப் பஞ்சம் உள்பட, நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் மனிதர்களில் நான்கைந்து தலைமுறை தாண்டி ஒரு படுகொலையின் நினைவு மரபணுவில் பயணம் செய்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இந்தப் பேச்சில் இன்னொரு சங்கடமும் உண்டு. 'இந்தியர்களின் ரத்தமே அப்படி' என்று இழிவுபடுத்திய பழைய பேச்சு ஒன்று உண்டு. அதே பேச்சு அனுதாப வேடத்தில் திரும்பி வர வேண்டாம்.

பழங்குடிகளுக்குள்ளேயே வேறொரு விமர்சனமும் இருக்கிறது. ஜோசப் கோன் என்ற உளவியலாளர், அவரும் பழங்குடி, எல்லாவற்றையும் பழைய காயத்தின் கணக்கில் எழுதினால் இன்றைய வறுமையும் அதிகாரமின்மையும் கண்ணில் படாமல் போய்விடும் என்று எச்சரிக்கிறார். இது நியாயமான பயம். ஏனென்றால் காயம் 1890இல் நிற்கவில்லை. 1960 வாக்கில் மிசூரி ஆற்றில் ஓவாஹே அணை எழுந்து, ஸ்டாண்டிங் ராக், செயென் ரிவர் ரிசர்வேஷன்களில் 1,60,000 ஏக்கருக்கு மேல் மூழ்கடித்தது. ஆற்றோரத்து மரங்களும் மூலிகைகளும் தோட்டங்களும் போயின. 1976இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு, பழங்குடிகளுக்கான அரசு மருத்துவமனைகளை ஆராய்ந்தது. பன்னிரண்டு மண்டலங்களில் நான்கில் மட்டும், நான்கு ஆண்டுகளுக்குள் 3,406 கருத்தடை அறுவைகள் நடந்திருந்தன. சம்மதம் வாங்கிய முறையில் குறைகள். அந்த நான்கில் டகோட்டா மாநிலங்கள் அடங்கிய மண்டலமும் ஒன்று. 1978இல் பழங்குடிக் குழந்தைகள் நலச் சட்டம் வருவதற்கு முன் நடந்த கணக்கெடுப்புகளின்படி, நான்கில் ஒரு பழங்குடிக் குழந்தையாவது குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. பிளாக் ஹில்ஸை 1868 ஒப்பந்தத்தில் சூ மக்களுக்கே என்று எழுதிக் கொடுத்து, தங்கம் கிடைத்ததும் 1877இல் பறித்துக்கொண்டார்கள். 1980இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மலை விற்பனைக்கு அல்ல என்று அவர்கள் அந்தப் பணத்தை இன்றுவரை தொடவில்லை. வட்டியோடு அது 100 கோடி டாலரைத் தாண்டிக் கிடக்கிறது. வூண்டட் நீயில் சுட்ட வீரர்களில் சுமார் 20 பேருக்குக் கொடுத்த உயரிய பதக்கங்களைத் திரும்பப் பெற மாட்டோம் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தது 2025 செப்டம்பரில். அப்புறம், பழைய காயத்தை ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்கிறோம்.

ஸ்டாண்டிங் ராக்கைச் சேர்ந்த லடோனா பிரேவ் புல் அலார்ட் சொன்ன கதை இந்த இரண்டு பக்கத்தையும் முடிச்சுப் போடுகிறது. 1863 செப்டம்பர் 3 அன்று ஒயிட்ஸ்டோன் ஹில் என்ற இடத்தில், குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் ராணுவம் பாய்ந்தது. அலார்டின் கொள்ளுப்பாட்டிக்கும் முந்திய பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. இடுப்பில் குண்டு. விடியும்வரை களத்தில் கிடந்து, சுற்றிலும் அழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள், காலையில் சிறைப்பட்டாள். அந்த ஒன்பது வயதுப் பெண் கண்டது, பாட்டியிடமிருந்து பேத்திக்கு என்று கைமாறி அலார்ட் வரை வந்தது. 2016இல் ஆற்றுக்கு அடியில் எண்ணெய்க் குழாய் போடுவதை எதிர்த்துத் தன் நிலத்திலேயே முதல் முகாமை அமைத்தவர் அவர். அங்கிருந்து சிறுவர் சிறுமிகள் வாஷிங்டன் வரை ஓடியே போனார்கள். அந்தச் செப்டம்பர் 3 அன்று, 153 ஆண்டுகள் கழித்து அதே தேதியில், எதிர்ப்பாளர்கள் மேல் தனியார் காவலர்கள் நாய்களை ஏவினார்கள். இந்த நிலையில் ஒரு பெண் அழுகிறாள் என்றால் அவள் எந்த நூற்றாண்டுக்காக அழுகிறாள் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

அழுது முடிக்கும் வேலையும் நடக்கிறது. 1986 டிசம்பரில் சில குதிரைக்காரர்கள் செத்தவர்கள் போன வழியிலேயே வூண்டட் நீ வரை பனியில் சவாரி போனார்கள். வருடாவருடம் போய், 1990இல், நூறாம் ஆண்டில், கண்ணீர் துடைக்கும் சடங்கை நடத்தினார்கள். இப்போது பிள்ளைகள் அதே பாதையில் சவாரி போகிறார்கள். கார்லைலில் செத்துப் புதைக்கப்பட்ட ஒன்பது ரோஸ்பட் பிள்ளைகளின் எச்சங்கள் 2021 ஜூலையில் வீடு திரும்பின. அதைக் கேட்டு விடாமல் வற்புறுத்தியது ரோஸ்பட்டின் இளைஞர்கள். அந்த மயானத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள்.

இஸ்னதி சடங்கும் திரும்பிவிட்டது. 1990களில் யாங்டன் பகுதியின் பெண்கள் பிரேவ் ஹார்ட் சொசைட்டி என்ற பழைய பெண்கள் சங்கத்தை உயிர்ப்பித்தார்கள். மூத்த பெண்களிடம் மிச்சமிருந்ததைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து, கோடையில் மிசூரி ஆற்றோரம் நான்கு நாள் முகாமாக இதை நடத்துகிறார்கள். வயதுக்கு வந்த பெண்கள் தங்கள் கூடாரத்தைத் தாங்களே எழுப்புகிறார்கள். செடிகளின் பெயர், தையல், மொழி, உடம்பைப் பற்றிய பேச்சு எல்லாம் உண்டு. அந்த நாட்களில் பெண் தன் கையால் சாப்பாட்டைத் தொடக் கூடாது; அம்மாவோ சித்தியோ ஊட்டிவிடுவார்கள். கடைசி நாள் அம்மா மகளைக் குளிப்பாட்டித் தலைவாரிவிடுகிறாள். முதல் வருடங்களில் வந்த அம்மாக்கள் பலருக்கு இந்தச் சடங்கு நடந்ததே இல்லை. அவர்கள் வயதுக்கு வந்த காலத்தில் அதை நடத்த யாரும் இல்லை. சீப்பைக் கையில் எடுக்கும்போதுதான் அவர்களும் அதை முதல்முறையாகப் பார்க்கிறார்கள்.